எக்ஸ்பிரஸ் அம்மாவுக்கு ஒரு சால்வை

தப்பு அவருடையதுதான். விமான இருக்கை பின்னால் சாயும், சாய்ந்தது நிமிரும், நிமிரும்போது நடுவில் ஓர் இடுக்கு மூடிக்கொள்ளும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். இடுக்கில் கையை வைக்காதே என்று ஊரில் பாதிப் பேரை அதட்டியவர். அப்படிப்பட்டவர் தொடைக்குப் பக்கத்தில் போனைச் செருகிக்கொண்டு தூங்கிப்போய், பணிப்பெண் வந்து தட்டியதும் பதறிப் பொத்தானை அழுத்தினார். நறுக்கென்று ஒரு சத்தம். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

"என்ன சார் சத்தம்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். வெல்டர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. என் போனுக்கு ஆயுசு முடிஞ்ச சத்தம்."

முடிந்திருக்கவில்லை. இடுக்கிலிருந்து பிடுங்கி எடுத்தபோது உயிர் இருந்தது. மேல்மூலையிலிருந்து ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. அந்த மூலையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு, மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி. மிச்சத் திரையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீடியோ காலில் பேசும்போது அவரே பிடித்து வைத்துக்கொண்ட படம்.

வெல்டர் எட்டிப் பார்த்தார். "பொண்ணுங்களா?"

"ஆமா. அவளைப் பார்க்கத்தான் போறேன். முதல் தடவை. அதுவும் தனியா. வழியில தொலைஞ்சு போனா நீங்கதான் சாட்சி."

"பின்னாடி நிக்கிறது உங்க வீட்டம்மாவா?"

"வீட்டம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. இவங்க பொண்ணோட ஒரே வீட்டைப் பங்கு போட்டுக்கிட்டு இருக்கிறவங்க. நிக்கலைங்க, போறாங்க. எப்பப் பார்த்தாலும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போயிட்டே இருப்பாங்க. நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் நிக்க மாட்டாங்க. எக்ஸ்பிரஸ் அம்மான்னு பேரு வெச்சிருக்கேன்."

வெல்டர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். "நடக்கிறவங்கன்னா ஒரு காலு முன்னாடி, ஒரு காலு பின்னாடி இருக்கணுமே சார்?"

"போட்டோவுல எல்லாரும் நிக்கத்தாங்க செய்வாங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு, வெல்டர் போர்வைக்குள் போன பிறகு, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். ஹாலின் கடைசியில் மங்கலாக, உயரமான ஒரு பெண். மெலிசான வெளிர்த்த உடை. கீழே இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன, விரல்கள் தரையில் படாமல் கீழே பார்த்தபடி.

கேமரா சரியில்லை என்று முடிவு செய்தார். பிறகு கண்ணாடி சரியில்லை என்று முடிவு செய்தார். இரண்டு முடிவுக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை.

இந்தப் பயணமே யோசித்து எடுத்த முடிவில் வந்ததல்ல. மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் பேசுவாள். இவர் இங்கே ஈசிசேரில் காலை நீட்டிக்கொண்டு கிண்டலடிப்பார். பேச்சு முடியும்போது திரையில் அவள் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் அணைப்பார். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அவள் முகம் வற்ற ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே கரி பூசினது மாதிரி ஆனது. கேட்டால், "டயட்டுப்பா, உங்க தொப்பையையும் சேர்த்து நான் குறைக்கிறேன்" என்பாள். ஒரு ஞாயிறு மட்டும், பேச்சின் நடுவில், கிண்டல் எதுவும் ஒட்டாத குரலில் சொன்னாள்: "அப்பா, கொஞ்ச நாள் வந்து என்கூட இருங்களேன்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் தூசி தட்டினார். ஏன் வரச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராக எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

அவள் விமான நிலையத்தில் நின்றிருந்தாள். கட்டிப்பிடித்தபோது கோட்டுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"என்னம்மா இது, துணி மாட்டுற ஹாங்கரை அனுப்பிட்டு நீ வீட்லயே இருந்துட்டியா?"

"வந்தவுடனே ஆரம்பிச்சாச்சா? குழிக்காரர் எப்படிப்பா இருக்கார்?"

"முட்டி வலியாம். லிஃப்டைத் தூக்க முடியலன்னு லீவு கேட்கிறார்."

குழிக்காரர் என்று ஒருவர் கிடையாது. தாயில்லாத பிள்ளையைப் பள்ளி விட்டதும் வேலை நடக்கும் கட்டடங்களுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்த காலத்தில், லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது, அதில் ஒருத்தர் குடியிருக்கிறார், அவர்தான் தோளால் முட்டி மேலே தள்ளுகிறார் என்று அவர் கட்டிவிட்ட கதை. பெண் வளர்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குழிக்காரர் மட்டும் சாகவில்லை. இருவரும் அவரை மாறிமாறி நலம் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குள் அன்பு என்று சொல்லிக்கொள்வதற்கு அதுதான் வழி.

கார் போன வழியெல்லாம் இருட்டு. மணி பிற்பகல்தான். இங்கே குளிர்காலத்தில் சூரியன் அரைநாள் லீவு போட்டுவிடும் என்றாள். ஏழாவது மாடி. லிஃப்ட் ஏறும்போது பழக்கதோஷத்தில் காதைக் கொடுத்தார். நல்ல இயந்திரம், சுத்தமான சத்தம். ஆனால் கதவு திறந்தபோது ஒரு வாசனை வந்தது. அது மாடியில் வரக்கூடாத வாசனை. தேங்கிய தண்ணீர், பழைய கிரீஸ், துரு, செத்த எலி எல்லாம் சேர்ந்து ஊறிய, லிஃப்டுக் குழியின் அடியில் மட்டும் இருக்கும் வாசனை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, துணியைச் சரிசெய்துகொண்டு, ஹாலைப் பார்த்து நின்றார்.

"எங்கே அவங்க?"

"யாரு?"

"அதான்மா, எக்ஸ்பிரஸ் அம்மா. முதல் தடவை நேர்ல பார்க்கப்போறேன். சட்டை கசங்கியிருக்கா?"

மகள் சிரித்தாள். "பிளாட்பாரம் மாறி வருவாங்க. நீங்க முதல்ல முகம் கழுவுங்க."

பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்தார். சாம்பல் நிறம், நல்ல கம்பளி. "ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்தக் குளிர்ல மெலிசா ஒண்ணைப் போட்டுக்கிட்டுத் திரியிறாங்களேன்னு மனசு கேட்கல. போன வாரம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? 'அம்மா, உங்களுக்கு ஒரு சால்வை வாங்கிட்டு வரேன், நீங்க என் பொண்ணைப் பார்த்துக்கங்க'ன்னு."

"நிஜமாவே வாங்கிட்டு வந்தீங்களா?" மகளின் கையில் இருந்த தண்ணீர்க் குவளை பாதி வழியில் நின்றது. "அப்பா, ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கனமா சால்வையா?"

"ஜோக்கா? நீதானேம்மா, 'நானும் இன்னொருத்தரும் பங்கு போட்டு வீடு எடுத்திருக்கோம்'னு சொன்னே?"

"அவ வந்த மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாளே. சொன்னேனே."

சொல்லியிருந்தாள். 'அவ ஓடிட்டாப்பா, என் சமையலைச் சாப்பிட்டு' என்று. அதையும் கிண்டல் என்றே நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தது கூட ஞாபகம் இருந்தது.

"பின்னே, நான் ஒவ்வொரு வாரமும் வணக்கம் சொல்லச் சொன்னப்போ சொல்லிட்டேன்னியே? பதிலுக்கு வணக்கம் சொன்னாங்கன்னியே?"

"குழிக்காரருக்கும் நாம வணக்கம் சொல்றோமேப்பா."

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. எங்கோ குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம். அவர் போனை எடுத்துப் படத்தைக் காட்டப் போனார். கறுப்பு வழிந்து பரவியிருந்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்த பாதித் திரை மை.

"காட்டுங்க, என்ன படம்?"

அவளைப் பார்த்தார். வற்றிய கன்னம், கீழே தொங்கும் கரி. சோபாவில் மடித்து வைத்திருந்த தலையணை, போர்வை. படுக்கையறையின் மூடிய கதவு.

"ஒண்ணுமில்லம்மா. ஒடைஞ்ச போன், என்னத்தைக் காட்ட?" என்றார். "நீ ஏன் சோபாவுல படுக்கிறே?"

"உள்ளே ஹீட்டர் சரியில்ல." அவள் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள், எரிந்துகொண்டிருந்த அறைகளிலும் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "அப்பா, அந்த எக்ஸ்பிரஸ் விளையாட்டு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். சரியா?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இருவரும் குழிக்காரரின் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் காலை இருட்டிலேயே அவள் வேலைக்குக் கிளம்பினாள். "டீ நேரத்துல கூப்பிடறேன். மேசை மேலயே சார்ஜர் இருக்கு. போயிட்டு வரேன்பா." கதவு சாத்திக்கொண்டது, லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் குறைந்துகொண்டே போய், நின்றது.

அவர் மேசையருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்த நாற்காலி. மகள் ஞாயிறுதோறும் உட்காரும் இடம். இங்கே உட்கார்ந்தால் ஹால் முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. திரையில் தன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தையும் மறைத்துவிடுவாள், தன் மூஞ்சியைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை என்று. பார்த்துக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான்.

எழுந்து, மெக்கானிக்காக மாறி ஹாலை அளந்தார். பயம் வந்தால் எதையாவது அளப்பது அவர் வழக்கம். எக்ஸ்பிரஸ் அம்மா எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே பக்கத்துக்குத்தான் போவார். போய்ச் சேரும் பக்கத்தில் படுக்கையறைக் கதவு. கிளம்பும் பக்கத்தில் கதவு இருக்க வேண்டும். இல்லை. அங்கே இருந்தது ஜன்னல், திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி. அதற்கு வெளியே ஏழு மாடி ஆழத்துக்கு இருட்டு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஞாயிறுகளில் அந்த அம்மா உள்ளே போவதைத்தான் இவர் பார்த்திருக்கிறார். ஒருமுறைகூட அந்த அம்மா திரும்பி வந்து பார்த்ததில்லை.

செத்துப்போன மனைவிதான் பிள்ளையைப் பார்க்க வந்து போகிறாளோ என்று ஒரு கணம் ஆசையாகக்கூட நினைத்தார். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. அவள் குள்ளம், பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக்கூட இவரைத்தான் கூப்பிடுவாள். இந்த அம்மா படுக்கையறைக் கதவில் நுழையும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

ஹீட்டர்தானே, அதையாவது பார்ப்போம் என்று கதவைத் திறந்தார்.

முதலில் அந்த வாசனை. குழியின் வாசனை, மூக்கில் அல்ல, நாக்கிலேயே வந்து படிந்தது. ஹீட்டர் குழாயைத் தொட்டார், விரல் சுட்டது. நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஓரடி தள்ளி நின்று மூச்சை விட்டார், மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கட்டில் சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. மெத்தையின் இந்த ஓரத்தில் மட்டும் ஒரு பள்ளம். யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த மாதிரி.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாக, மிக மெதுவாக, மேலே எழும்பி மட்டமானது.

கனம் எடுத்த பிறகு மெத்தை அப்படித்தான் எழும்பும்.

கதவைச் சாத்தினார். சாத்தியது சரியாகப் பொருந்திவிட்டதா என்று பார்க்கவில்லை. வெளியே ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் ஓடினால் மகளின் அழைப்பை எடுக்க ஆள் இருக்காது. போன் செத்துக்கொண்டிருந்தது, சார்ஜரில் செருகி இருந்தால்தான் மூச்சு விட்டது. கறுப்பு முக்கால்வாசித் திரையைத் தின்றுவிட்டிருந்தது. இவராக யாரையும் கூப்பிட முடியவில்லை. அழுத்தினால் எதுவும் அசையவில்லை. கீழே இருந்த பச்சைப் பொத்தான் மட்டும் மிச்சம், வரும் அழைப்பை எடுக்க. அவள் கூப்பிட வேண்டும். இவர் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்குள் திரும்பி வராதே, அப்படியே இரு, நான் வருகிறேன். அவ்வளவுதான். விளையாட்டு கிடையாது. ஆயுசில் ஒருமுறையாவது நேராக.

எல்லா விளக்குகளையும் போட்டார். சால்வையை நேற்று சோபாவின் கைப்பிடியில் வைத்திருந்தார், அது அங்கேயே கிடந்தது. பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்து. வேறு வழியில்லை, சார்ஜர் வயர் அவ்வளவுதான் நீளம்.

ஜன்னலில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் பிற்பகலில் வடிந்து போனது. ஃபிரிட்ஜ் உறுமியது. வெந்நீர்க் குழாய் சலசலத்தது. கீழே எங்கோ ஒரு கார்க் கதவு சாத்திக்கொண்டது. இத்தனை சத்தங்களுக்கு நடுவில், மெக்கானிக்கின் காதுக்கு மட்டும் பிடிபடுகிற மாதிரி இன்னொன்று. தரையில் துணி உரசும் சத்தம். காலடி இல்லை. துணி மட்டும்.

ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு.

நடுவில் நின்றது.

போன் அடித்தது. பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டு எடுத்தார். திரையின் அடியில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதில் மகளின் முகம். இவர் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டம் மேல்மூலையில், கறுப்புக்குள். இவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இவருக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

"அப்பா, கேட்குதா? ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க? லைட்டைப் போடுங்க."

"லைட்டு எரியுதும்மா."

"எங்க எரியுது? உங்க மூஞ்சியே சரியாத் தெரியல."

"கண்ணு, நான் ஒண்ணு கேட்பேன். விளையாடாம பதில் சொல்லணும்."

"என்னப்பா?"

"என் பின்னாடி யாராவது இருக்காங்களா?"

அவள் உதடு சிரிப்புக்குத் தயாரானது. "இருக்காங்களே, எக்ஸ்பிரஸ்..."

சொல் அங்கேயே நின்றது. அவள் கண்கள் இவர் முகத்தை விட்டு, மெல்ல, இவர் தலைக்கு மேலே ஏறின. ரொம்ப மேலே. சிரிப்பு மட்டும் உதட்டில் மறந்துபோய்க் கிடந்தது.

ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. குழாய் நின்றுவிட்டது.

குழியின் வாசனை. பிடரியில் ஈரக் குளிர்.

"நேரா சொல்லும்மா."

"இருக்காங்கப்பா."

"போறாங்களா?"

"இல்ல. நிக்கிறாங்க." அவள் குரல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சிறுமியின் குரலாகிவிட்டது. "சால்வையைப் போத்திக்கிட்டு நிக்கிறாங்க."

"நீ வீட்டுக்கு வராதே. என்ன ஆனாலும் வராதே. கேட்குதா?"

அது அவள் காதில் ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "என்னையாம்மா பார்க்கிறாங்க?"

"இல்லப்பா" என்றாள். "என்னை."

கம்பளி அவர் காதை உரசியது. கண்ணைத் திறந்தார். தோளுக்கு மேலே, கன்னத்தை ஒட்டி, சாம்பல் நிறச் சால்வைக்குள்ளிருந்து ஒரு கை முன்னால் நீண்டது. நீளமான, ஊறி வெளுத்த கை. அதற்கு அவசரமே இல்லை. திரையின் மிச்சத் துண்டுக்குப் போனது. ஞாயிறுதோறும் அவர் செய்வதைப் போலவே, கட்டைவிரலால், மகளின் கன்னத்தை ஒருமுறை தடவியது.

அந்தப் பக்கத்தில் மகள் பதறிக் கன்னத்தில் கை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். விரல்கள் ஈரமாக இருந்தன.